சுறா எண்ணெய் பூசிய போல்ட்

மகனே,

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் நான் தொடங்குவது. இம்முறை அதற்குத் தேவையில்லை. நீ நலம், உன் மனைவி நலம், உன் குழந்தையும் நலம். இவையெல்லாவற்றையும் நேற்று முற்பகல் நம்முடைய காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி அறிந்துகொண்டேன். உனக்கு ஒரு மனைவி இருக்கிறாள் என்பதையும் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்பதையும் நான் அறிந்ததுகூட அதே இடத்தில்தான். எழுத்துக் கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

நீண்ட விடயம் என்றால் முதலில் தலைப்புகளை இலக்கமிட்டு வைத்துக்கொள்வது எனக்கு அரசாங்கக் கந்தோரில் கோப்பு எழுதிப் படிந்த பழக்கம். மனம் குழம்பியிருக்கும் வேளையில் அது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. ஆகவே நான் எழுதப்போவது இவை:

1. போல்ட் ஏன் இறுகியது.
2. அதைக் கழற்ற நான் எடுத்த நடவடிக்கைகள், ஒழுங்குப்படி.
3. காருக்கு அடியில் கிடந்தபோது என் காதில் விழுந்தவை.
4. போல்ட் கழன்ற விதம்.
5. குழந்தைக்கு என் பெயரை வைக்கக்கூடாது என்பதற்கான காரணங்கள்.

முதலாவது விடயம். பரந்தன் சந்தியிலிருந்து நம் குடியேற்றத்துக்கு வரும் வாய்க்கால் றோட்டை நீ அறிவாய். சென்ற மாரிக்குப் பிறகு அதில் றோட்டைவிடப் பள்ளமே கூட. ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது காரின் வலப்பக்க முன்சில்லுக்கு மேலுள்ள ஸ்பிரிங்கில் ஒரு தகடு முறிந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து புதுத் தகடு எடுப்பித்தேன். அதைப் பூட்டுவதற்கு ஸ்பிரிங்கின் நுனியைக் காரின் உடலோடு பிணைத்திருக்கும் போல்ட் ஒன்றைக் கழற்ற வேண்டும். பெருவிரல் பருமன் இருக்கும். அது அசையவில்லை. காரணம் துரு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் துருப் பிடிக்க நான் விட்டவனல்லன். சென்ற ஆண்டிலிருந்து உன் அம்மா இடைக்கிடை ஒரு தகர டின்னில் சுறா எண்ணெய் கொண்டுவந்து தந்தாள். "சந்திக் கடையில வாங்கினனான். கரையில வள்ளத்துக்குப் பூசுறதாம். கூரை வளைமரத்துக்குப் பூசுங்கோ, கறையான் வராதாம்" என்றாள். வளைமரங்களுக்குப் பூசியது போக மீதி இருந்தது. கடலுக்கு நின்றுபிடிப்பது மழைக்கு நிற்காதா என்று யோசித்து, மாதம் பிறந்தால் முன்சில்லிலிருந்து பின்சில்லுவரை ஒவ்வொரு போல்ட்டுக்கும் கோழி இறகால் தொட்டுத் தொட்டுப் பூசினேன். சந்தையில் காரை நிறுத்தினால் பூனைகள் வந்து அடியில் படுத்துக்கொண்டன. அந்த எண்ணெய் மரத்தில் ஊறிக் காய்ந்து பிசினாக இறுகுவதால்தான் வள்ளம் ஒழுகாமல் இருக்கிறது என்பதை நான் அறியவில்லை. புரிகளுக்குள்ளும் அது அவ்வாறே இறுகியது. சென்ற மாதத்துப் பிசினின்மேல் இந்த மாதத்துப் பிசின். கவலையீனமாக இருந்திருந்தால் அந்தப் போல்ட் கழன்றிருக்கும்.

இரண்டாவது. நீயும் ஒருநாள் கார் வாங்குவாய், ஆகவே இதைக் கவனமாகப் படி. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதே. நான் பாலைமரக் குற்றிகளை அடுக்கி, காரை இறக்கி, கையால் உலுக்கிப் பார்த்து, உன் அம்மாவையும் உலுக்கச் சொல்லிப் பார்த்து, அதன்பிறகே சாக்கை விரித்துப் படுத்தேன். முதலில் கம்பித் தூரிகையால் போல்ட்டின் தலையையும் நட்டையும் துப்புரவாக்கினேன். பிறகு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பிறகு சுத்தியலால் சுற்றிவர மெதுவாகத் தட்டினேன். ஓங்கி அடித்தால் புரி கெட்டுவிடும். பிறகு மறுபடியும் மண்ணெண்ணெய். இறுகிய நட்டை முதலில் இறுக்கும் பக்கத்துக்கு ஒரு நூலளவு அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கழற்றும் பக்கத்துக்குத் திருப்பவேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதுவும் செய்தேன். எந்தப் பக்கத்துக்கும் அது அசையவில்லை. ஸ்பானரின் பிடி கட்டை. அதில் ஒரு பைப்பைக் கொழுவி நீளமாக்கினால் பலம் கூடும். "சந்திக்குப் போய் ஒரு பைப் கேட்டு வாறன்" என்று குசினிப் பக்கம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வாசற்படலை தாண்டவில்லை, மாட்டுக்கொட்டிலின் பின்னால் பழைய குழாய்க்கிணற்றுப் பைப் துண்டொன்று கிடந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, சைக்கிளைக் கொட்டிலின் பின்னாலேயே சாத்திவிட்டு, அதை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் காருக்கு அடியில் போய்விட்டேன். நான் திரும்பி வந்ததை அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரிந்திராது.

மூன்றாவது. காருக்கு அடியிலிருந்து பார்த்தால் உலகத்தில் கால்கள் மட்டுமே இருக்கின்றன. படலைப் பக்கமிருந்து இரண்டு வெறுங்கால்கள் வந்தன. வெடித்த குதிகள், கணுக்காலில் கடற்கரை வெள்ளை மணல். குசினி வாசலில் பனையோலையில் பின்னிய ஓர் உமல் இறக்கப்பட்டது. அதற்குள்ளிருந்து கருவாட்டு மணம் வந்தது. பக்கத்தில் அந்தத் தகர டின், நான் ஒரு வருடமாகக் கடை டின் என்று நம்பியிருந்த அதே டின்.

"ஐயா இல்லையோ?" என்றது ஆண்குரல்.

"பைப் எடுக்கச் சந்திக்குப் போயிட்டார். வர நேரஞ் செல்லும். இருங்கோ அண்ணை" என்றாள் உன் அம்மா.

அண்ணை என்றாள். நம் சொந்தத்துக்கு வெளியே எந்த ஆணையும் அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. யார் இவர் என்று யோசிக்கத் தொடங்கினேன். யோசித்து முடிக்க அவர்கள் விடவில்லை.

"இருக்க நேரமில்லை, பஸ்ஸைப் பிடிக்கவேணும். தாயும் பிள்ளையும் சுகம். பெடியன் கத்துற கத்துக்கு எங்கட வீடு இப்ப மீன் ஏலம் விடுற இடம் மாதிரிக் கிடக்கு."

"ஆரின்ர சாயல் அண்ணை?"

"மூக்கு உங்கட. காது ஐயாவின்ர. சந்தையில ஒருக்கா ஐயாவைத் தூரத்தில வைச்சு மருமோன் காட்டினவர். ரெண்டு காதும் காத்துப் பிடிச்ச பாய் மாதிரி. பெடியன்ர காதைக் கண்டவுடன நான் சொல்லிப்போட்டன், இது முல்லைத்தீவுச் சரக்கில்லை, கிளிநொச்சிச் சரக்கெண்டு."

உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் காருக்கு அடியில் என் காதைத் தொட்டுப் பார்த்தேன். தம்பி, உண்மையாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு விளங்கவில்லை. வேறு யாரோ ஒரு ஐயா, வேறு யாரோ ஒரு மருமோன் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு அவர் உன் பெயரைச் சொன்னார். முள்ளிவாய்க்கால் கோயிலில் சென்ற ஆண்டு நீ தன் மகள் பிலோமினாவின் கையைப் பிடித்ததிலிருந்து ஒரு குறையும் வைக்கவில்லை என்றார். அவர் பெயர் சந்தியாப்பிள்ளை என்பதை அம்மா இடையில் பெயர் சொல்லி அண்ணை என்று கூப்பிட்டபோது அறிந்தேன். சென்ற ஆண்டு முழுவதும் நீ மாதத்துக்கு ஒருமுறை முல்லைத்தீவுப் பஸ்ஸில் வந்து, எனக்கு முன்னால் இருந்து சோறு தின்று, கந்தோர் வேலை எப்படி என்று நான் கேட்டதற்கு மறுமொழி சொல்லி, திரும்பிப் போனாய். அந்த நாட்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் நெஞ்சின்மேல் ஏறி நின்றன. காரைத் தாங்கிய குற்றிகள் சரிந்துவிட்டனவோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்" என்றார் சந்தியாப்பிள்ளை. "சுவாமியார் பேர் கேக்கிறார். மருமோன் ஒரே பிடி. தகப்பன்ர பேர்தானாம். புனிதர் ஒராளின்ர பேரையும் சேர்த்து வையுங்கோ எண்டு சுவாமியாரும் ஓமெண்டிட்டார். ஆனால் ஐயா ஓமெண்டாமல் வைக்கமாட்டாராம். நீங்கள் சொல்லுறன் சொல்லுறன் எண்டு ஒரு வருசம் போயிட்டுது. சந்திக் கடைக்காரனுக்குத் தெரியும், பஸ் கொண்டக்டருக்குத் தெரியும், இவருக்கு மட்டும் தெரியாது."

"எப்பிடி அண்ணை சொல்ல? இஞ்ச வந்த முதல் வருசம் யானை வயலுக்குள்ள நிண்டது. நான் தகரத்தை அடிச்சுக்கொண்டு நிக்கிறன், இவர் உள்ளுக்க இருந்து கந்தோருக்கு மனு எழுதுறார். அந்த மனுசனிட்ட இதைச் சொன்னால் நெஞ்சு நிண்டுபோம்."

"யானை மனுவை வாசிச்சதோ?"

இருவரும் சிரித்தார்கள். அந்த மனுவை நான் எழுதியது உண்மை, பிரதியும் எடுத்து வைத்தேன். அதை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் என் மனைவியும் நான் கண்டிராத ஒரு மனிதரும் என் வளவுக்குள் நின்று என் பேரனைப் பற்றி என்னைத் தவிர்த்துப் பேசிக்கொண்டிருக்க, நான் ஸ்பானரைப் பிடித்தபடி கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன். கண்ணை மூடவேண்டும் என்பதே மறந்துபோயிற்று. போல்ட்டிலிருந்து ஒரு துளி மண்ணெண்ணெய் நேராக வலக்கண்ணுக்குள் விழுந்தது.

நான் கத்திய கத்தில் அம்மாவின் கையிலிருந்த சட்டி விழுந்து உடைந்தது. "காருக்குக் கீழ காலொண்டு கிடக்குது!" என்றார் சந்தியாப்பிள்ளை. "ஐயோ, அது இவரின்ர கால்!" என்றாள் அம்மா. அவர் என் இரண்டு கணுக்கால்களையும் பிடித்து, வலை இழுப்பதுபோல ஒரே இழுவையில் என்னை வெளியே எடுத்தார். சம்பந்தி முறையானவர் என்னைக் கிட்டத்தில் முதன்முதலாகக் கண்டது இந்தக் கோலத்தில்தான்: வேட்டி முழங்காலுக்கு மேலே, முகமெல்லாம் அழுக்கும் எண்ணெயும், ஒரு கண் மூடியபடி.

நான்காவது. அம்மா ஓடிவந்து கண்ணில் தண்ணீர் வார்த்தாள். சந்தியாப்பிள்ளை தோள் சால்வையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்ற அவரை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். என்னைவிட இளையவர், தலை மட்டும் என்னைவிட நரை. கடைசியில் அவர்தான் கேட்டார்.

"போல்ட்டோ?"

"ஓம்" என்றேன்.

"இறுகிப்போச்சோ?"

"ஓம்."

உன் மாமனாரும் நானும் முதலில் பேசிக்கொண்டது இவ்வளவே. அவர் குனிந்து காருக்கு அடியில் போனார். சற்று நேரத்தில் அங்கிருந்து சிரிப்புக் கேட்டது. "இது என்ர எண்ணெயெல்லோ! ஐயா, இதை இரும்புப் புரிக்குள்ள ஆரும் விடுவினமே? காய்ஞ்சால் பிசின். வீட்டு மரத்துக்கெண்டுதானே குடுத்துவிட்டனான்." பிறகு, "கோடாலி கிடக்கே? வெட்டிவிடுவம்" என்றார். "கூடாது" என்றேன் நான். பிசின் என்றால் சூட்டுக்கு இளகும் என்பது எனக்குத் தெரியும். போல்ட்டிலும் சுற்றிவரவும் இருந்த மண்ணெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடைத்தேன். பெற்றோல் தாங்கி பின்பக்கம், இது முன்பக்கம். ஆனாலும் ஈரச் சாக்கை மறைப்பாகக் கட்டினேன். பழைய கலப்பைக் கொழுவை அம்மா குசினி அடுப்பில் சிவக்கக் காய்ச்சிக் குறட்டில் பிடித்துக்கொண்டு வந்தாள். அதை நட்டின்மேல் வைத்து அழுத்தினேன். புகை எழும்பியது. கருவாடு காயவைக்கும் வாடி பற்றி எரிவதுபோல ஒரு மணம்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தோம். இடம் போதாது, அவர் தோள் என் தோளோடு முட்டியது. ஸ்பானர் வழுக்காமல் நட்டோடு அழுத்திப் பிடித்திருந்தது நான், பைப்பை இழுத்தது அவர். "இழுக்கட்டோ?" என்பார். "பொறுங்கோ" என்பேன். "இப்ப?" "இன்னுங் கொஞ்சம்." "இப்ப?" "ஓம், இப்ப." அவர் வாய்க்குள் கரைவலைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு இழுத்தார். ஒரு வெடிச் சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன், போல்ட் முறிந்தது என்று. முறியவில்லை, அசைந்தது. அதன்பிறகு அது விரலாலே சுழன்று வந்தது.

வெளியே வந்ததும் அவர் போல்ட்டைச் சால்வையால் துடைத்து என்னிடம் நீட்டினார். "இந்தாங்கோ சம்மந்தி" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் அந்தப் பார்வை என்று எனக்குத் தெரிந்தது. போல்ட்டை வாங்கிக்கொண்டேன். கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினேன். கழுவிய கையையே மறுபடி கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் வெறும் உமலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படலையைத் தாண்டிவிட்டார்.

"ஒரு ஓம் சொன்னால் வாயில இருக்கிற முத்தெல்லாம் கொட்டிப்போமோ?" என்றாள் உன் அம்மா.

"எழுதுறன்" என்றேன்.

"எழுதுங்கோ. ஒண்டு ரெண்டு எண்டு நம்பர் போட்டு எழுதுங்கோ."

ஐந்தாவதுக்கு வருகிறேன். மூத்த பேரனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயரை வைப்பது நம்முடைய வழக்கம். நீயும் என் தகப்பனாரின் பெயரைச் சுமப்பவன். உனக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது. இருந்தும் வைக்கவேண்டாம் என்கிறேன். சாதியும் சமயமும் எனக்கு ஒரு பொருட்டல்ல என்று பொய் எழுதமாட்டேன். அவர்கள் மீன்பிடிக்கும் கரையார், அதிலும் கிறிஸ்தவ வேதக்காரர் என்பது எனக்கு உடனே உறைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள நம் ஆட்கள் இனி நம் வீட்டில் தேத்தண்ணி குடிப்பார்களா என்று, கண் எரிந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும், யோசித்தேன். இது முதற்காரணம், இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது பெயர் ஒரு வீட்டுடையது, செபம் இன்னொரு வீட்டுடையது என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள் என்பது அடுத்தது. ஆனால் உண்மையான காரணம் இந்த இரண்டும் அல்ல. ஊருக்கே தெரிந்த செய்தியை என் வீட்டார் எனக்கு ஒளித்தார்கள். கெட்டவன் என்பதற்காக ஒளித்திருந்தால் தாங்கியிருப்பேன். சாமான் உடைந்துவிடும் என்று மேலே எடுத்து வைப்பதுபோல என்னை எடுத்து வைத்தார்கள். செய்தி ஒன்றைத் தாங்குவான் என்று பெண்சாதி பிள்ளைகூட நம்பாத ஒருவனின் பெயர் ஒரு குழந்தைக்கு எதற்கு? குழந்தை வளர்ந்து அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் உள்ளே இருந்து மனு எழுதியவன் ஒருவன் நினைவுக்கு வருவான். வேறு பெயர் வை. உன் மாமனாரின் பெயரை வை. அவர் நல்ல மனிதர்போலத் தெரிகிறது.

தம்பி, இதுவரை இன்று காலை எழுதியது. புதுத் தகட்டைப் பூட்டிவிட்டு வந்து, எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இனி இந்த வீட்டில் ஒன்றும் ஒளித்து எழுதுவதில்லை என்று நினைத்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். ஐந்தாவது வந்தபோது சுளகு நின்றது.

"சொன்னால் செத்துப்போவீங்கள் எண்டு ஒரு வருசம் பயந்து கிடந்தன்" என்றாள். "நீங்கள் அவ்வளவையும் கேட்டுக்கொண்டு கிடந்தீங்கள். பிறகு எழும்பி வந்து, அந்த மனுசனுக்குப் பக்கத்தில படுத்து, போல்ட்டைக் கழற்றினீங்கள். அவர் கோடாலி கேட்டவர், கூடாதெண்டு சொன்னது நீங்கள். நீங்கள் சாகேல்லை. அதை ஏன் எழுதேல்லை?"

எழுதாததற்குக் காரணம், அதை நான் கவனிக்கவில்லை. முழுவதையும் மறுபடி படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் அதிர்ந்துபோனது உண்மை, இப்போதும் அதிர்ந்துதான் இருக்கிறேன். ஆனால் அதிர்ந்த கையால்தான் ஸ்பானரைப் பிடித்திருந்தேன், அது வழுக்கவில்லை. சந்தியாப்பிள்ளைக்கு நான் மறுமொழி சொல்லாமல் விட்டது மட்டுமே குறை. அதை அவர் வீட்டு வாசலில் போய் நின்று தீர்க்க வேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஞாயிறு விடியற்காலை நானும் அம்மாவும் காரில் புறப்படுகிறோம், இதை உன் கையில் தருவேன். வாயால் சொல்லத் தொடங்கினால் ஒழுங்கு தவறிவிடும், அதனால்தான். கோயிலில் சுவாமியார் சொல்லவேண்டியதைச் சொல்லட்டும். வீட்டுக்கு வந்தபிறகு குழந்தையை என் மடியில் வை. அவன் காதில் என் பெயரை நான் சொல்கிறேன். நீ கிட்ட நில். ஐந்தாவதாக நான் எழுதியது பிழை.